ஏத்துனா ஏறும்: மணக்கிற சிவப்புக் கொடி ரோஜாவைத் தேர்ந்தெடுக்க

மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது எனக்கு ஒரு படம் அனுப்புகிறார்கள். கருங்கல் வீடு, வளைவு வைத்த கேட், அதன்மேல் இலையே தெரியாமல் சிவப்பு ரோஜா. கூடவே ஒரு குரல்பதிவு: "அண்ணா, இதே மாதிரி நம்ம கேட்டுக்கு மேல ஏத்தணும். வாசமாவும் இருக்கணும். என்ன செடி வாங்கட்டும்?"

படத்தில் இருப்பது பெரும்பாலும் இங்கிலாந்துக் கிராமம் ஏதாவது ஒன்று. வருஷத்தில் மூன்று நாலு வாரம் கொட்டித் தீர்த்துவிட்டு மீதி மாதமெல்லாம் வெறும் பச்சையாக நிற்கும் ரகமாக அது இருக்கலாம். மணம் உண்டா என்பதோ படத்தில் தெரியாது. சிவப்பு, மணம், கொடி என்று நாம் மூன்று கேட்கிறோம். மூன்றும் ஒரே செடியில் சேர்வது அரிது. சேர்ந்தாலும் நம் ஊர் வெயில் நாலாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இதில் எதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்துகொண்டு நர்சரிக்குப் போகிறவர் நல்ல செடியோடு திரும்புவார். மற்றவர்கள் அன்றைக்குப் பூத்திருந்ததை வாங்கிக்கொண்டு வருவார்கள். நானும் அப்படி இரண்டு முறை வந்திருக்கிறேன்.

நான் இருப்பது கோவையில், வடவள்ளிப் பக்கம். சென்னை, மதுரை, ஓசூர், ஊட்டி என்று ஊர் மாறினால் எது மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

சிவப்பெல்லாம் மணக்காது

ஓசூர் பக்கமிருந்து வரும் தாஜ்மகால் ரோஜாவைக் கல்யாண மேடையிலும் பொக்கேயிலும் பார்த்திருப்பீர்கள். நீளக் காம்பு, கெட்டி இதழ், தண்ணீரில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். முகர்ந்தால் ஒன்றுமே இருக்காது. பெட்டியில் அடுக்கி விமானத்தில் அனுப்ப வேண்டிய பூவுக்கு எது தேவையோ அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். மணத்தை யாரும் கேட்கவில்லை, அது போய்விட்டது.

இதன் காரணத்தை 2015-ல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கொஞ்சம் துலக்கினார்கள். பாப்பா மெய்லாண்ட், ரூஜ் மெய்லாண்ட் என்று இரண்டு ரோஜாக்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் சிவப்பு. முன்னது தூக்கலாக மணக்கும், பின்னதில் மணம் பேருக்குத்தான். மணக்கிற பூவின் இதழில் ஒரு நொதி மும்முரமாக வேலை செய்தது. ரோஜா மணத்தின் முக்கியமான பொருள்களில் ஒன்றான ஜெரானியால் உருவாவதற்கு அந்த நொதி வேண்டும். மணக்காத பூவில் அந்த வேலை அநேகமாக நடக்கவே இல்லை. ஆக, மணம் ரகத்தோடு வருவது. உரம் போட்டு, காபித்தூள் போட்டு, முட்டை ஓடு போட்டு மணமில்லாத ரகத்தை மணக்க வைக்க முடியாது. நன்றாகப் பராமரித்தால் இருக்கிற மணம் நன்றாக வெளிப்படும், அவ்வளவுதான்.

அடுத்தது வெயில். கருஞ்சிவப்பு இதழ் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிற்பகல் 2 மணி வெயில் நேராக விழுந்தால் இதழ் விளிம்பு தீய்ந்த காகிதம் மாதிரி கறுத்துச் சுருளும். வெல்வெட் போல மின்னும் ரகங்களில் இது அதிகம். மணக்கிற சிவப்பு ரகங்களில் பல அந்த வெல்வெட் சாதிதான் என்பது நம் கெட்ட நேரம்.

கொடி என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில ரகங்கள் விதையிலிருந்து வரும்போதே கொடியாக வருகின்றன. சில, குத்துச்செடியாக இருந்த ரகத்தில் ஏதோ ஒரு கிளை மட்டும் திடீரென்று பத்தடி ஓட, அந்தக் கிளையின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டிப் பெருக்கியவை. அப்படி வந்தவற்றின் பெயருக்கு முன்னால் 'கிளைம்பிங்' என்று போடுவார்கள். கிரிம்சன் குளோரி என்றால் இடுப்பளவுச் செடி. கிளைம்பிங் கிரிம்சன் குளோரி என்றால் சுவர் ஏறும் செடி. பூ ஒன்றேதான். சீட்டில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கிவிட்டு, மூன்று வருஷம் கம்பி கட்டிக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் சுவரைப் பாருங்கள்

செடி வாங்கப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, காலை 8, 11, பகல் 2, மாலை 4 என்று நாலு தடவை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். கொடி ரோஜாவுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். அது காலை வெயிலாக இருப்பது உத்தமம். கிழக்கு பார்த்த சுவர் கிடைத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். மேற்கு பார்த்த காம்பவுண்டு சுவர் மாலை முழுக்கச் சூடேறி ராத்திரி 9 மணி வரை அனல் வீசும். அங்கே சிவப்பு ரோஜாவை வைப்பது அதை வாட்டுவதற்குச் சமம். கோவையில் இன்னொரு தொல்லையும் சேரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மலர்ந்த பூவின் இதழ்கள் ஒரே நாளில் கிழிந்து தொங்கும்.

வடக்கு பார்த்த சுவரில் ஒரு விஷயம் கவனியுங்கள். நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் மே மாதம் பார்க்கும்போது வடக்குச் சுவரில் வெயில் நன்றாகத்தான் இருக்கும். மார்கழியில் போய்ப் பார்த்தால் முழு நிழல். ரோஜா நன்றாகப் பூக்க வேண்டியதே அந்தக் குளிர்மாதங்களில்தான்.

வழியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ரோஜாவின் முள் கொக்கி மாதிரி பின்னோக்கி வளைந்தது. காட்டில் பக்கத்துச் செடியைப் பிடித்து ஏற அதற்கு அதுதான் கை. பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டை, விருந்தாளியின் துப்பட்டா, ஸ்கூட்டரில் வருகிறவரின் முழங்கை எல்லாவற்றையும் அது பிடிக்கும். கேட்டின் திறப்பு நாலடிக்குக் குறைவாக இருந்தால் வளைவு ஆசையை விட்டுவிட்டு ஜன்னலோரச் சுவருக்குப் போங்கள். மணம் வீட்டுக்குள் வரவும் அதுவே நல்லது.

எந்த ரகம்

நர்சரியில் இருபது பெயர் சொல்வார்கள். மணக்கிற சிவப்புக் கொடி என்று வடிகட்டினால் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும்.

சமவெளிக்காரர்களுக்கு என் முதல் யோசனை டான் ஜுவான். இத்தாலியில் மலாண்ட்ரோனே என்பவர் உருவாக்கி 1958-ல் வெளிவந்த ரகம். கருஞ்சிவப்பு, பெரிய பூ, தடித்த பளபளப்பான இலை, எட்டிலிருந்து பத்தடி உயரம். கொடி ரோஜாவில் இது அடக்கமான உயரம். போர்டிகோத் தூணுக்கோ சின்னச் சுவருக்கோ சரியாக இருக்கும். பிறவிக் கொடி என்பதால் குத்துச்செடியாகத் திரும்பிவிடும் பயமில்லை. சூட்டைத் தாங்குகிறது, வருஷத்தில் பல தடவை பூக்கிறது. மணம் நன்றாக இருக்கும், ஆனால் நான் அடுத்துச் சொல்லப்போகும் பூவின் அளவுக்குப் போகாது.

அது கிளைம்பிங் கிரிம்சன் குளோரி. ஜெர்மனியின் வில்ஹெல்ம் கோர்டெஸ் 1935-ல் வெளியிட்ட குத்துச்செடியின் கொடி வடிவம். பிற்காலத்தில் வந்த மணக்கிற சிவப்பு ரோஜாக்கள் பலவற்றின் வம்சாவளியில் இது இருக்கிறது. மேலே சொன்ன பாப்பா மெய்லாண்ட் இதற்குக் கொள்ளுப்பேரன் முறை. பழைய டமாஸ்க் மணம், பன்னீர்ச் செம்பைத் திறந்த மாதிரி. குறை என்று எல்லோரும் சொல்வது அதன் மெலிந்த கழுத்து: பூ கனம் தாங்காமல் தலை தொங்கும். குத்துச்செடியில் அது குறைதான். எட்டடி உயரக் கொடியில் அதே பூ கீழே நிற்கிற உங்களைக் குனிந்து பார்க்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. வெயிலில் சிவப்பு சீக்கிரமே ஊதா கலந்து மங்கும், பனிக்காலத்தில் சாம்பல் நோய் வரும். கோவை, ஓசூர், ஏற்காடு போன்ற இடங்களில் தாராளமாக வைக்கலாம். சென்னை, மதுரை, திருச்சி என்றால் காலை வெயில் மட்டும் விழும் இடம் இருந்தால் வைத்துப் பாருங்கள்.

எத்துவால் த ஹோலாண்ட் பழைய டச்சு ரகம். 1919-ல் வெளிவந்தது, கொடி வடிவம் 1931-ல். ஹாலந்தின் நட்சத்திரம் என்று பொருள். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் மிகவும் கொண்டாடப்பட்ட சிவப்பு ரோஜா இது. மணம் அள்ளும். பதினைந்து அடிகூட ஓடும் என்பதால் இடம் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், குன்னூர்க்காரர்கள் கேட்டுப் பாருங்கள். கினே என்று 1938-ல் வந்த ஒரு பிரெஞ்சு ரகமும் இருக்கிறது, கிட்டத்தட்ட கறுப்பு. படத்தில் பார்த்தால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். மலையிலிருப்பவர்கள் ஆசைப்படலாம், சமவெளியில் கருகிய விளிம்பைத்தான் பார்க்க நேரும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, முதல்முறை ரோஜா வைக்கிறவருக்கு நான் சிபாரிசு செய்ய நினைப்பது ஒரு கிழ ரோஜாவை: க்ரூஸ் ஆன் டெப்லிட்ஸ். 1897-ல் வந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் வன அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே ரோஜாக் கலப்பு செய்த ருடோல்ஃப் கெஷ்விண்ட் உருவாக்கியது. டெப்லிட்ஸ் என்கிற ஊருக்கு வணக்கம் என்று பெயருக்குப் பொருள். அந்த ஊர் இப்போது செக் குடியரசில் இருக்கிறது. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உதிரிப்பூவுக்கு இதைப் பயிராகவே வைக்கிறார்கள் என்றால் சூட்டை எப்படித் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூ சின்னது, கொத்தாக வரும், தலை கவிழ்ந்திருக்கும். மணத்தில் கிராம்பின் காரம் லேசாக ஓடும். சீட்டில் குத்துச்செடி என்றுதான் போட்டிருக்கும்; ஆதாரம் கொடுத்துக் கட்டினால் நம் சூட்டில் ஆள் உயரம் தாண்டித் தூணைச் சுற்றிக்கொள்ளும். பொக்கே ரோஜா மாதிரிப் பெரிய பூ வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். விட்டுக்கொடுக்க வேண்டியது பூவின் அளவை மட்டும்தான் என்றால், இந்த வெயிலுக்கு இதைவிட லாபமான பேரம் இல்லை.

பால்ஸ் ஸ்கார்லட், டப்ளின் பே, அல்டிசிமோ, காக்டெய்ல் என்ற பெயர்களும் காதில் விழும். அழகான செடிகள். மணத்துக்காக வாங்காதீர்கள். மிஸ்டர் லிங்கன், பாப்பா மெய்லாண்ட் இரண்டும் மணத்தில் மன்னர்கள். ஆனால் அவை உயரமாக வளரும் குத்துச்செடிகள். "ஆறடி போகுமுங்க" என்று சொல்லிக் கொடி வரிசையில் வைத்து விற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூக்கை எடுத்துக்கொண்டு போங்கள்

பூ இருக்கும்போது, காலையில், நேரில் போய் வாங்குவதற்கு ஈடு எதுவுமில்லை. மணம் தருவது ஆவியாகும் எண்ணெய்ப் பொருள்கள். விடியற்காலைக் குளிரில் அவை அடங்கியிருக்கும், மதிய வெயிலில் பறந்துபோயிருக்கும். வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்து, எட்டு ஒன்பது மணிக்கு, பாதி விரிந்த பூவைத் தேடுங்கள். மொட்டிலும் மணம் குறைவு, முழுக்க விரிந்து நடுவில் மகரந்தம் காய்ந்த பூவிலும் குறைவு. மூச்சைப் பூவின்மேல் ஒருமுறை விட்டு, அதைக் கொஞ்சம் சூடாக்கி, பிறகு இழுத்துப் பாருங்கள். மூன்று நாலு பூ முகர்ந்ததும் மூக்கு மரத்துவிடும். உங்கள் சட்டைக் கையை முகர்ந்துகொண்டு மறுபடி தொடங்கலாம்.

வீட்டில் இருக்கிற எல்லோரையும் முகரச் சொல்லுங்கள். என் மனைவிக்கு டமாஸ்க் மணம் "கோயில்ல பன்னீர் தெளிச்ச மாதிரி" இருக்கிறது, பிடிக்கும். என் அம்மா அதே பூவை முகர்ந்துவிட்டு "மருந்து மாதிரி இருக்குது" என்று தள்ளிவிட்டார்.

மலைப்பக்கம் போகிறவர்கள் ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவைத் தவறவிடாதீர்கள். மலர்க்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1995-ல் தொடங்கிய பூங்கா. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006-ல் அதற்குச் சிறந்த தோட்டம் என்று விருது கொடுத்தது. கூட்டம் சேருமுன் உள்ளே போய், பெயர்ப்பலகையைப் பார்த்து, மணந்ததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அங்கே பிரமாதமாக இருக்கிற செடி திருச்சியில் அப்படியே இருக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது.

நர்சரியில் என்ன கேட்பது என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் கொடி ரோஜா வாங்கப் போனபோது, சாக்கை விரித்து உட்கார்ந்து ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, இது நல்லா ஏறுமுங்களா?"

அவர் நிமிரவே இல்லை. "ஏத்துனா ஏறுமுங்க."

நக்கல் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர் சொன்னது தாவர இயல். பீர்க்கனுக்கும் பாகலுக்கும் இருப்பதுபோல ரோஜாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. மல்லிகைக் கொடி மாதிரி சுற்றவும் தெரியாது. நீளமான தண்டு விடும், அதை நாம்தான் கட்டி ஏற்ற வேண்டும். கட்ட நேரமில்லாதவர்கள் கொடி ரோஜா வாங்காமல் இருப்பது நல்லது.

பூவைப் பார்த்தது போதும், அடிப்பக்கம் பாருங்கள்

நம் ஊரில் விற்கிற ரோஜாக்களில் பெரும்பாலானவை மொட்டு ஒட்டு. கீழே ஒரு முரட்டு ரோஜாவின் வேர்ச்செடி, அதன்மேல் நாம் கேட்ட ரகத்தின் மொட்டு. பையில் மண்ணுக்குச் சற்று மேலே தண்டு தடித்து ஒரு முண்டு தெரியும், அதுதான் ஒட்டு. முண்டு வழவழப்பாக ஆறியிருக்க வேண்டும். பாலித்தீன் நாடா இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தால், சுற்றிலும் கறுத்திருந்தால், வேண்டாம். முண்டுக்கு மேலே பென்சில் கனத்தில் இரண்டு மூன்று தண்டாவது இருக்கட்டும். ஒரே தண்டின் உச்சியில் பெரிய பூவோடு நிற்கும் செடி கண்ணைப் பறிக்கும். அதன் பக்கத்தில் பூவே இல்லாமல் மூன்று தண்டோடு நிற்பதுதான் உங்களுக்கானது. பையை லேசாகத் தூக்கி அடியில் பாருங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் சந்தோஷம். கறுத்துச் சொதசொதவென்றிருந்தால் அழுகல்.

இணையத்தில் செடி வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். கிளைம்பிங் கிரிம்சன் குளோரி என்று 400 ரூபாய்க்கு ஒரு குச்சி வந்தது. வைத்தேன், துளிர்த்தது. சித்திரை வெயிலில் மேல்பாதி காய்ந்தது, மனசு விட்டுப்போனது. வைகாசியில் அடியிலிருந்து ஒரு தண்டு வெடித்துக்கொண்டு வந்தது பாருங்கள், விரல் கனம், வாரத்துக்கு ஓர் அடி. கொடி பிழைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். மாடி எட்டும் வரை கட்டிவிட்டேன். கார்த்திகையில் மொட்டு விட்டது. விரிந்தது எட்வர்ட் ரோஸ்! மாலைக்கடையில் கிலோக் கணக்கில் குவித்து வைத்திருக்கும் அதே ரோஸ் நிறப் பன்னீர்ப்பூ. காய்ந்துபோனது நான் காசு கொடுத்த ரகம். ஏறி வந்தது அடியிலிருந்த வேர்ச்செடி.

ஆகவே ஒட்டு முண்டுக்குக் கீழே இருந்து வருகிற எந்தத் தண்டையும் விரல்நீளத்திலேயே பிய்த்து எடுத்துவிடுங்கள். வெட்டினால் மறுபடி முளைக்கும், அடியோடு பிய்ப்பதே சரி. ஏழு இலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். கொடி ரகங்கள் பலவற்றுக்கு இயல்பாகவே ஏழு இலை வரும். அந்தக் கணக்கை நம்பி நல்ல தண்டை வெட்டியவர்கள் உண்டு. எங்கிருந்து புறப்படுகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

விதை வாங்கவே வேண்டாம். பொட்டலத்தில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று படம் போட்டு விற்கும் ரோஜா விதையிலிருந்து படத்திலிருக்கும் செடி வராது. ரோஜா ரகங்கள் விதையில் அப்படியே வருவதில்லை.

நடுவதும் முதல் இரண்டு வருஷமும்

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அதே ஆழம் குழி. சுவரிலிருந்து ஒன்றே கால் அடியாவது தள்ளித் தோண்டுங்கள். காம்பவுண்டு சுவரின் அடியில் வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கட்டியும் சுண்ணாம்பும் புதைந்திருக்கும்; அது மண்ணைக் காரமாக்கும், இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் போகும். நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறினால் பெரும்பாலும் இதுதான் காரணம். தோண்டும்போது வருகிற சல்லியை எல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டு, செம்மண்ணும் நன்றாக மக்கிய தொழுவுரமும் சரிபாதி, இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு, ஒரு கை எலும்புத்தூள் கலந்து நிரப்புங்கள். ஒட்டு முண்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். இலை விளிம்பு காய்ந்து வரும். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் ரோஜாவுக்கு ஒரு குடம் ஒதுக்கி வைக்கிறேன், வீட்டில் முணுமுணுப்போடு. தினமும் தெளிப்பதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வேர் நனைய ஊற்றுவது நல்லது. இலையில் படாமல் ஊற்றுங்கள்.

செடி வைக்கிற அன்றே கம்பியும் கட்டிவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் முள்ளுக்குள் கைவிட்டுக் கட்ட நேரும். தரையிலிருந்து இரண்டடியில் முதல் ஜி.ஐ. கம்பி, பிறகு ஒன்றரை அடிக்கு ஒன்று, கிடைமட்டமாக. சுவரை ஒட்டாமல் நாலு அங்குலம் முன்னால் நிற்கட்டும், பின்னால் காற்று ஓடினால்தான் நோய் குறையும்.

தண்டு நீண்டதும் நேராக மேலே ஏற்றத்தான் யாருக்கும் கை போகும். அப்படி ஏற்றினால் உச்சியில் மட்டும் நாலு பூ பூக்கும், அதையும் பக்கத்து மாடிவீட்டுக்காரர்தான் பார்ப்பார். தண்டின் நுனி தனக்குக் கீழே உள்ள கணுக்களைத் துளிர்க்க விடாமல் அடக்கி வைக்கும். தண்டைச் சாய்த்துக் கிடையாகக் கட்டினால் அந்த அடக்குமுறை தளர்ந்து ஒவ்வொரு கணுவும் விழித்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறுகிளை எழும், அதன் நுனியில் பூ. ஆறடித் தண்டை நேராக நிறுத்தினால் ஒரு கொத்து. விசிறி மாதிரிச் சாய்த்தால் பத்துப் பன்னிரண்டு. தூணில் ஏற்றுகிறவர்கள் திருகலாகச் சுற்றிக் கட்டினால் அதே பலன் கிடைக்கும். பச்சைத் தண்டாக இருக்கும்போதே, ஒரே நாளில் வளைக்காமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். முற்றிய தண்டு ஒடிந்துவிடும். கட்டுவதற்கு வாழை நாரோ பழைய வேட்டிக் கிழிசலோ போதும், எட்டுப் போட்ட மாதிரி தளர்வாக. கட்டுக்கம்பியால் இறுக்கினால் ஒரே வருஷத்தில் தண்டுக்குள் புதைந்து அறுத்துவிடும்.

முதல் இரண்டு வருஷம் கவாத்துக் கத்தரியை ஒளித்து வையுங்கள். காய்ந்தது, ஒடிந்தது, வாடிய பூ, இவற்றை மட்டும் எடுக்கலாம். குத்துச்செடி ரோஜாவை வருஷா வருஷம் பாதியாக வெட்டிப் பழகியவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். 'கிளைம்பிங்' பட்டம் பெற்ற ரகங்களை இளமையில் ஒட்ட வெட்டினால் கொடித்தன்மையை விட்டுக் குத்துச்செடியாகவே திரும்பிவிடக்கூடும். முதல் வருஷம் பூவும் குறைவாக இருக்கும், மணமும் அரைகுறையாக இருக்கும். ரகம் மாறிவிட்டதோ என்று பதறிப் பிடுங்க வேண்டாம்.

மூன்றாம் வருஷத்திலிருந்து, மழை விட்டபின், நவம்பர் கடைசியில் நான் வெட்டுகிறேன். நீளத் தண்டுகளைத் தொடுவதில்லை. அவற்றிலிருந்து எழுந்த சிறுகிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு நறுக்குகிறேன். நாலைந்து வருஷம் ஆன கிழத்தண்டு ஒன்றை அடியோடு எடுத்துவிட்டு, புதிதாக வந்த தண்டை அந்த இடத்தில் கட்டுகிறேன். வெட்டிய ஆறேழு வாரத்தில் பூ வரும் என்பதால் பொங்கலை ஒட்டிச் சுவர் நிறையும். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்கிற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவினால் நுனிக்கருகல் இறங்காது.

பூச்சி, நோய் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மார்கழிப் பனியில் சாம்பல் நோய், மழையில் கரும்புள்ளி, கோடையில் இலையடியில் சிவப்புச் சிலந்தி. நோய்ப்பட்ட இலையைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலோடு லிட்டருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளியுங்கள். சிலந்திக்கு இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

செலவே இல்லாமல் தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. க்ரூஸ் ஆன் டெப்லிட்ஸ் போன்ற பழைய ரகங்கள் ஒட்டுக் கட்டாமலே, குச்சியிலேயே வேர் பிடிக்கும். அப்போது வேர்ச்செடி ஏமாற்றுகிற பேச்சே கிடையாது. வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால், அவர் கவாத்து செய்யும்போது பென்சில் கனத்தில் முக்கால் அடிக் குச்சி நாலு வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக, நிழலில், ஈரம் காயாமல் வையுங்கள். இரண்டு மாதத்தில் நாலில் இரண்டாவது தளிர்விடும்.

எட்வர்ட் ரோஸ் வேண்டுமென்றால் என் வீட்டுக்கே வரலாம். அதை நான் பிடுங்கவில்லை. மோட்டார் ரூம் மேலே பதினோரு அடிக்குப் போய் நிற்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கூடை பறித்துக்கொண்டு போகிறார்.